விண்கல் பள்ளத்துக்கு அடியில் நம்மூருக் கல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு தடவை எங்கள் ஊர் அருப்புக்கோட்டையைக் கொண்டுபோய் ஒரு விண்கல் பள்ளத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நான் பாறைகளுக்கு வயது பார்க்கிறவள். ஜாதகம் பார்க்கிறவர்களுக்கு இருக்கும் மரியாதையில் கால்வாசிகூட இந்தத் தொழிலுக்குக் கிடையாது. (எங்கள் பெரியம்மா இன்றைக்கும் என்னை 'கல்லு டாக்டரு' என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். அதை நம்பி இரண்டு பேர் தங்கள் கிட்னி ஸ்கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.)

அப்போது சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வடக்கே ஓரிடத்தில், எந்தக் காலத்திலோ வானத்திலிருந்து ஒரு கல் விழுந்து தோண்டிய பெரிய பள்ளம் இருக்கிறது. இப்போது போய்ப் பார்த்தால் பள்ளமென்றே தெரியாது. தூர்ந்துபோய் மேலே வயலும் வீடுமாக இருக்கிறது. அதன் நடுவில் ஆழமாகத் துளை போட்டு, அடியில் இருந்த பாறையை உருளை உருளையாக எடுத்திருந்தார்கள். விழுந்த கல் நொறுக்கிப்போட்ட பாறைக்கும் கீழே இருந்தது அது. ஒரு காலத்தில் குழம்பாகக் கொதித்து, பிறகு ஆறி இறுகியது. அது எப்போது ஆறியது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது என் வேலை.

அதற்காக எனக்குக் கிடைத்தது இரண்டு கிலோ. துளை போட்டவர்கள் துளையை மூடிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு துண்டு கேட்டால் கிடைக்காது. இந்த இரண்டு கிலோ வீணானால் என் நாலு வருஷப் படிப்பும் வீண். என் நெறியாளர் (மேடம் என்றே சொல்கிறேன், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும்) அதை என் கையில் கொடுக்கும்போது, "பச்சக் குழந்தைய வச்சிருக்கிற மாதிரி வச்சிரு" என்றார். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஏன் பஸ்ஸில் போனேன் என்றால், எங்கள் துறையில் பாறை உடைக்கிற இயந்திரத்துக்கு மோட்டார் எரிந்துவிட்டது. புது மோட்டார் கேட்டு எழுதிய கடிதம் மேசை மேசையாகச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தது. வயது பார்க்கும் கருவியோ வேறொரு ஊரில் இருந்தது, அங்கே எனக்குக் கொடுத்த நாள் மூன்று வாரத்தில் வந்துவிடும். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற சாக்கில், அங்கேயே எப்படியாவது உடைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று மடியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாறைக்கு வயது பார்ப்பது எப்படி என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். குழம்பு ஆறும்போது அதற்குள் சிர்கான் என்று பொடிப்பொடி மணிகள் பிறக்கும். பிறக்கும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அது மெதுவாக, ரொம்ப ரொம்ப மெதுவாக, ஈயமாக மாறிக்கொண்டே வரும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும். அந்த மணிகளைப் பிரித்தெடுக்கத்தான் பாறையை ரவை பதத்துக்கு உடைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி. அந்தச் சத்தத்தில் வீட்டுப் பேச்சான கன்னடம் பேசினாலும் ஊர்ப் பேச்சான தமிழ் பேசினாலும் ஒன்றும் காதில் விழாது. அதனால் சின்ன வயதிலிருந்தே எனக்குள் நானே பேசிக்கொண்டு, கனாக் கண்டுகொண்டு வளர்ந்துவிட்டேன். நான் கல்லை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அம்மாதான் தறியை நிறுத்திவிட்டு வழி சொன்னார். திருச்சுழி ரோட்டில் கோலப்பொடி மில் இருக்கிறதே, அவரும் கல்லைத்தானே அரைக்கிறார் என்றார். நாலு வருஷம் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

மில்காரர் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அதற்கு மேல் வெள்ளைக் கல்லின் தூசி. அவர் மில்லில் ஒரு கிலோ கோலப்பொடி வாங்கினால் ஒரு கிலோவும் ஒரு கைப்பிடியும் இருக்கும். ஊரில் அவருக்கு அதில்தான் பேர்.

நான் போனதும் முதல் வேலையாக மெஷினைக் கழுவச் சொன்னேன். கழுவினார். இன்னொரு தடவை கழுவச் சொன்னேன். மூன்றாவது தடவை நானே பிரஷ்ஷை வாங்கி உள்ளே தலையை விட்டுத் தேய்த்தேன்.

"எதுக்குப் பாப்பா இம்புட்டுக் கழுவுற? கல்லுதான அரைக்கப் போறோம், பாயாசமா வைக்கப் போறோம்?" என்றார்.

"முன்னாடி அரைச்சதுல ஒரு துளி ஒட்டியிருந்தாலும் வயசு மாறிப்போகும் அண்ணாச்சி."

"வயசா? யாருக்கு?"

கேட்டுவிட்டார் அல்லவா, விடுவேனா? விண்கல், பள்ளம், குழம்பு, சிர்கான், யுரேனியம் என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். இடையிடையே கையால் வானத்தையும் பூமியையும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப இது ரொம்பப் பழைய சரக்கு" என்றார். ஆமாம் என்றேன். தராசில் வைத்து எடை போட்டார். சரியாக இரண்டு கிலோ. என் கண்ணுக்கு நேரே முள்ளைக் காட்டிவிட்டுத்தான் இறக்கினார்.

அதோடு கரண்டு போய்விட்டது. மூன்று மணிக்குத்தான் வருமாம். நான் மில்லுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காலி சாக்குகளின்மேல் உட்கார்ந்தேன். பங்குனி வெயில். எதிரே பருத்தி பறித்து முடிந்த கரிசல் வெடித்துக் கிடந்தது. ரோட்டில் ஒரு பஸ் போனால் அதன் சத்தம் மல்லாங்கிணறுவரை கேட்கும் போலிருந்தது. வேப்பம்பூ உதிர்ந்து தலையில் விழுந்துகொண்டே இருந்தது. நான் கண்ணை மூடினேன்.

பூமிக்குள்ளே போய்க்கொண்டிருந்தேன். மேலே இருந்த வயலும் வீடும் கழன்றுபோயின. நொறுங்கிய பாறைக்குள் நீந்துகிற மாதிரி இறங்கினேன், அதற்கும் கீழே ஒரே சிவப்பு. கொதிக்கிற குழம்பு, ஆனால் சுடவில்லை. யாருமே இல்லை. மரம் இல்லை, மீன் இல்லை, பார்க்க ஒரு கண்கூட இன்னும் பிறக்கவில்லை. குழம்பு ஆறிக்கொண்டே இருந்தது. அதில் ஒரு மணி பிறந்தது, அப்புறம் இன்னொன்று. நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வயது கேட்டேன். 'இப்போதுதான் பிறந்தேன்' என்றன எல்லாம். எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அங்கேயே தங்கிவிடலாம் என்று நினைத்தேன், நிஜமாகவே.

"பாப்பா, எந்திரி. ஆயிருச்சு."

மணி நாலரை. கரண்டு வந்து, கல் அரைபட்டு, பை கட்டப்பட்டிருந்தது. அண்ணாச்சி மறுபடி தராசில் வைத்தார். "ரெண்டு கிலோ குடுத்த. ரெண்டு கிலோ அம்பது இருக்கு. பாத்துக்கோ."

கல்லை அரைத்தால் எடை கூடுமா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. கனவு இன்னும் கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ரொம்ப நன்றி அண்ணாச்சி, ஒரு கிராம்கூட வீணாகல" என்று சொல்லிவிட்டு, தலையில் வேப்பம்பூவோடு வீட்டுக்குப் போனேன்.

சென்னைக்கு வந்து பொடியை அலசி மணிகளைப் பிரித்தேன். உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு விதமாக இருந்தன. ஒரு விதம் நீளமாக, கலங்கலாக, உடம்பெல்லாம் விரிசலாக இருந்தது. இன்னொரு விதம் உருண்டையாக, பளிங்கு மாதிரி பளபளவென்று இருந்தது. நான் என்ன செய்தேன்? பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி லட்சணமானதாகப் பார்த்துப் பொறுக்கினேன். விரிசல் விட்டவற்றில் பேருக்கு நாலைந்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கி வைத்தேன். (வானத்திலிருந்து அவ்வளவு பெரிய கல் மேலே விழுந்தால் விரிசல் விடாமல் பளபளவென்றா இருக்கும்? அதையும் நான் யோசிக்கவில்லை.)

கருவி சொன்ன வயது ஏறக்குறைய ஐம்பத்தைந்து கோடி வருஷம். அந்தப் பாறை இதைப் போல நாலைந்து மடங்கு பழையதாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று பயந்திருப்பார்கள். எனக்குப் புல்லரித்தது. பள்ளத்துக்கு அடியில், பழைய காயத்தின் வழியாக, ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் புதுக் குழம்பு ஏறியிருக்கிறது, உலகத்தில் இது யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்! மேடம் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, அவரிடம் காட்டாமலே துறைக் கூட்டத்துக்கு உரை தயார் செய்தேன். தலைப்பே 'மறுபடி விழித்த பள்ளம்'. அதை எழுதியபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வந்தது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

கூட்டத்தன்று மேடம் முதல் வரிசையில் இருந்தார். துளை போட்ட குழுவின் தலைவர் வடக்கேயிருந்து திரையில் தெரிந்தார். அவரும் தமிழ்க்காரர்தான். நான் பேசினேன். சிவப்பு, குழம்பு, விழிப்பு, கண் பிறக்காத காலம் என்று இருபது நிமிஷம் பேசினேன். முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. மேடம் திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசு எனக்கு ரொம்பப் பழக்கப்பட்ட வயசும்மா" என்றார். "மதுரையில இருந்து நாகர்கோவில் வரைக்கும் எந்த ரோட்டோரத்துக் கல்லை எடுத்தாலும் இதுதான் வரும். பாறைய நீ எங்க உடைச்ச?"

"அருப்புக்கோட்டையில, மேடம்."

அப்புறம் திரையில் இருந்தவர், கிண்டலே இல்லாமல், நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்: "பள்ளத்துக்கு அடியில உங்க ஊரு எப்படிம்மா போச்சு?"

அரங்கம் சிரித்த சிரிப்பை நான் எழுதப் போவதில்லை. அது ஓய்ந்த பிறகு மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு கிலோவும் கலந்துபோச்சு. எது எந்தக் கல்லுல இருந்து வந்த மணின்னு இனிமே நீ சத்தியம் பண்ணினாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. சுத்தமான துண்டு வேற இல்ல. அடுத்த மாசம் உன் ஆய்வுக் குழு கூடும்போது இந்தத் தலைப்பையே உங்கிட்ட இருந்து எடுத்துருவாங்க" என்றார். அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

மதுரையில் மாறி அருப்புக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து, அண்ணாச்சியை எப்படியெல்லாம் திட்டலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மெஷினைச் சரியாகக் கழுவவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. (மூன்றாவது தடவை கழுவியது நான்தான். அதை ஒத்திகையில் சேர்க்கவில்லை.) மில் வாசலில் இறங்கி, வணக்கம்கூடச் சொல்லாமல், "என் கல்லுல நம்மூருக் கல்லு எப்படி வந்துச்சு அண்ணாச்சி?" என்றேன்.

அவர் முகத்தில் துளி பதற்றம் இல்லை. கண்டுபிடித்துவிட்டாயே என்ற பெருமைதான் தெரிந்தது.

"ரெண்டு கிலோ குடுத்தியா, அரைச்சு நிறுத்துப் பாத்தா ஒன்னு அறுநூறுதான் இருக்கு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. வழக்கமா முன்னாடி அரைச்சவுகளுது உள்ள கெடக்கும், அடுத்தவுகளுக்கு அது ஈடுகட்டிரும். நீ மூனு தடவ கழுவி மெசின வெறும் வகுத்தோட வச்சுட்ட. நானூறு கிராமத் தின்னுருச்சு. படிக்கிற புள்ள. எடை கொறஞ்சு கொண்டு போனா அங்க என்ன சொல்லுவாக? காம்பவுண்டு செவுத்துக்குத் திருச்சுழிப் பக்கமிருந்து கல்லு எறக்கி வச்சிருந்தேன். அதுல ஒன்ன எடுத்தேன்."

"எடுத்து?"

"நெறம் பாத்துத்தான் எடுத்தேன் பாப்பா, வித்தியாசம் தெரியக் கூடாதுல்ல. மெசினுல போட்டா அதையும் தின்னுரும்னு இரும்பு ஒரல்ல கையால இடிச்சேன். ரெண்டு நாளு தோளு வலி."

"அம்பது கிராம் கூட இருந்துச்சே?"

"அது கொசுறு."

நான் அழுதுவிட்டேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது. அண்ணாச்சி பதறிப்போய்ப் பன்னீர் சோடா வாங்கிவரச் செய்தார். விக்கலுக்கு நடுவில், "எல்லாம் கலப்படமாயிருச்சு அண்ணாச்சி, என் படிப்பே போச்சு" என்றேன்.

கலப்படம் என்ற அந்த ஒரு வார்த்தைதான். மனிதர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருசமா மில்லு வச்சிருக்கேன். இந்தச் சொல்ல என்னயப் பாத்து ஒருத்தரு சொன்னதில்ல" என்றார். எனக்கு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. என் படிப்பு போனதைவிட அவர் முகம் போன போக்கு அதிகமாக வலித்தது.

பிறகு அவர் தலையை நிமிர்த்தி, "ஆமா, ஒனக்கு ஒன் கல்லுதான வேணும்?" என்றார். உள்ளே போய், சாமி படத்துக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து ஒரு கோலப்பொடிக் கவரை எடுத்துவந்தார். மேலே பேனாவால் என் பெயர் எழுதியிருந்தது. உள்ளே கருப்பும் சிவப்புமாகக் கல்ரவை.

"மெசினு தின்னதுதான் இது. அன்னைக்குச் சாயங்காலம் வெள்ளக்கல்லு போடணும். கருப்பு ஒட்டியிருந்தா கோலம் அழுக்காத் தெரியும். அதான் மெசினத் தொறந்து, நீ விட்டுட்டுப் போன பிரஸ்ஸாலேயே தட்டி எடுத்தேன். அடுத்தவுக சரக்கு நமக்கு எதுக்கு? நீ வரும்போது குடுக்கலாம்னு பேரெழுதி வச்சேன்."

"நீங்க இடிச்ச நம்மூருக் கல்லு இந்த மெஷினுக்குள்ள போகவே இல்லையே?"

"போகல."

"சத்தியமா?"

"பாப்பா, இப்பத்தான் ஒரு தப்புச் செஞ்சு ஒத்துக்கிட்டேன். ரெண்டாவதச் செய்யத் தெம்பில்ல" என்றார்.

நானூறு கிராம். சுத்தமான நானூறு கிராம். நான் மூன்று தடவை கழுவிய மெஷினுக்குள் இருந்ததால் அது அவ்வளவு சுத்தம், அவருக்கு அடுத்தவர் சரக்கு ஆகாது என்பதால் அது அலமாரியில் இருந்தது. காம்பவுண்டுச் சுவர்க் கல்லிலும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தோம். கவரில் இருந்ததில் பளபளப்பு மணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் நான் ஒதுக்கிவைத்த அதே விரிசல் முகங்கள். வயது ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி. சுவர்க் கல்லுக்கு ஐம்பத்தைந்து கோடி. மேடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மில்காரர் பேரை நன்றியில எழுது" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சிக்கு போன் செய்து இரண்டு வயதையும் சொன்னேன். பூமியில் மீனுக்கும் முந்தின கல் உங்கள் காம்பவுண்டில் இருக்கிறது, ஐம்பத்தைந்து கோடி வருஷம் என்றேன். "அப்ப நம்மளுது புதுசா?" என்றார், மனசு விட்டுப்போன குரலில். "பழைய சரக்குல புதுசக் கலந்துட்டேனே தாயி."

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு எல்லோரும் பார்க்கிற மாதிரி நடக்கும். சொந்தபந்தம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். என் பக்கமிருந்து அப்பா, அம்மா, அப்புறம் நான் கூப்பிடாத அண்ணாச்சி. தேர்வாளர் ஆய்வேட்டில் கலப்படத்தைப் பற்றி நான் எழுதியிருந்த பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கலப்பு இப்படித்தான் நடந்தது, இவ்வளவுதான் நடந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் வெள்ளை வேட்டி எழுந்து நின்றது.

"நாந்தாங்கய்யா கலந்தது. நானூத்தம்பது கிராமு. புள்ள மேல தப்பில்ல, அது வெளிய தூங்கிக்கிட்டிருந்துச்சு."

(தூங்கிய விஷயம் ஆய்வேட்டில் இல்லை. மேடத்துக்கும் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துவிட்டது.)

"ஏங்க கலந்தீங்க?" என்று தேர்வாளர் கேட்டார்.

"எடை கொறச்சலா எப்பிடிங்கய்யா குடுக்குறது?"

தேர்வாளர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். எனக்கு வந்த தப்பு முடிவு எதுக்கும் இப்படி எந்திரிச்சு நிக்க ஒரு ஆள் கிடைச்சதில்ல. எனக்கு வேற கேள்வி இல்ல" என்றார். அண்ணாச்சி சாப்பாட்டுப் பந்தியில் இரண்டாம் தடவை பாயாசம் கேட்டு வாங்கினார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வந்துவிட்டது. எது எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தெரிந்தாலும், அக்கா மகன் கணக்கில் நூறு வாங்கினாலும், யாராவது யாரையாவது அளவுக்கு மீறிப் புகழ்ந்தாலும், அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "இதில் நம்மூருக் கல் எவ்வளவு?"

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார்கள். கோபமே வராது, பொய்யே சொல்ல மாட்டான், காலையில் நாலு மணிக்கு எழுந்துவிடுவான் என்றார்கள். அம்மா என் பக்கம் சாய்ந்து, கன்னடத்தில், மெதுவாக அதே கேள்வியைக் கேட்டார். வந்தவர்களும் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள்தான் என்பது அந்த நிமிஷம் அம்மாவுக்கு மறந்துபோனது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, அது என்ன நம்மூருக் கல் என்று கேட்டார். வேறு வழியில்லாமல், தூங்கியது உட்பட முழுக்கதையையும் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நாலு மணிக்கு எழுந்திருப்பது முழுக்கக் கொசுறு. மற்றதில் நானூறு கிராம் இருக்கும்" என்றார்.

அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.